அடர்ந்து வளர்ந்த உயிர்வேலியைக் கவாத்து செய்ய எந்தக் கருவியை வாங்குவது?

கோவை வடவள்ளியில் உள்ள எங்கள் வீட்டின் முன்புறம் 40 அடி நீளத்துக்குச் செம்பருத்தியும் மருதாணியும் கலந்த உயிர்வேலி இருக்கிறது. மூன்று ஆண்டுகள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, மார்பளவு இருந்த வேலி 9 அடிக்கு உயர்ந்து, தெருவில் நடப்பவர்கள் விலகிப் போகும் அளவுக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அதை ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு மாதங்கள் ஆயின. உண்மையில் வெட்டும் வேலை ஆறே நாட்களில் முடிந்தது; மீதி நாட்களெல்லாம் பொருந்தாத கருவியை வாங்கி, அதோடு போராடி, பிறகு பொருத்தமானதைத் தேடுவதிலேயே கழிந்தன. இதே நிலையில் இருக்கும் ஒருவர் அந்த நாட்களை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் கிளையை அளக்க வேண்டும்

வேலியை வெளியிலிருந்து பார்த்தால் இலையும் இளந்தளிரும்தான் கண்ணில் படும். ஆனால் நாம் வெட்டப் போவது அந்த மேல்தோலை அன்று. 9 அடி வேலியை 5 அடிக்குக் குறைக்க வேண்டுமானால், வெட்டு விழும் இடம் 5 அடி உயரத்தில், இலைகளுக்கு உள்ளே மறைந்திருக்கும் முற்றிய கட்டையில். ஆகவே, ஒரு நீண்ட கோலால் வேலியைத் தட்டி, குளவிக் கூடோ பாம்போ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, இலைகளை விலக்கி, வெட்ட நினைக்கும் உயரத்தில் கிளைகள் எவ்வளவு தடிமனாக இருக்கின்றன என்று பாருங்கள்.

இதற்கு நான் பயன்படுத்தும் அளவுகோல் பத்து ரூபாய் நாணயம். அதன் விட்டம் 27 மி.மீ. நாணயத்தைக் கிளையின் மேல் வைத்துப் பார்க்கும்போது, கிளை நாணயத்தைவிட நன்றாக ஒல்லியாக இருந்தால் அது கையடக்கக் கத்தரியின் வேலை. நாணயத்தின் அளவு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் நீண்ட கைப்பிடி கொண்ட லாப்பரின் வேலை. நாணயத்தின் இருபுறமும் கிளை நன்றாக வெளியே தெரிந்தால் ரம்பம்தான். எங்கள் வேலியில் 3 அடி இடைவெளிக்கு ஓரிடமாக அளந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை நாணயத்தைவிடத் தடித்த கிளைகள். அளந்திருந்தால் மின்கருவியை முதலில் வாங்கியிருக்கவே மாட்டேன். நான் அளந்தது வாங்கிய பிறகுதான்.

மின்சார ட்ரிம்மரில் எனக்கு நேர்ந்தது

நான் முதலில் வாங்கியது 500 வாட் மின்சார ஹெட்ஜ் ட்ரிம்மர். விளம்பரப் படங்களில் அது வேலியின் மீது வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, 40 அடியும் ஒரே காலையில் முடிந்துவிடும் என்று நம்பினேன். அது இயங்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் என் நம்பிக்கை ஏன் தவறு என்பது விளங்கும். ட்ரிம்மரில் சீப்புப் பற்கள் போன்ற இரண்டு நீண்ட பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஒரு கிளை வெட்டுப்பட வேண்டுமானால், முதலில் அது இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குள் நுழைய வேண்டும். என் கருவியில் அந்த இடைவெளி 16 மி.மீ. கட்டைவிரல் தடிமன் உள்ள கிளை அதற்குள் நுழையாது; பல்லின் முனையில் மோதித் துள்ளும். ஓரளவு நுழைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

செம்பருத்தியின் பட்டை நார் நிறைந்தது. முற்றிய செம்பருத்திக் கிளை ட்ரிம்மரில் மாட்டியபோது, மரம் பாதி வெட்டுப்பட்டு, மரப்பட்டை மட்டும் நாராக உரிந்து ட்ரிம்மரின் இரண்டு வெட்டும் பட்டைகளுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டது. மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது. சூட்டு வாடை வந்தது. இந்த இடத்தில் விசையை மேலும் அழுத்தக் கூடாது. கருவியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே, குறட்டால் நாரை இழுத்தெடுக்க வேண்டும். விசையை மட்டும் விட்டுவிட்டுக் கையை வைப்பது ஒருபோதும் ஆகாது. சிக்கிய நாரை எடுத்த பின் பட்டைகளை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் சில சொட்டுகள் விட்டேன். கருவி பிழைத்தது.

இதனால் ட்ரிம்மர் வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. தடித்த கட்டைகளை எல்லாம் கைக்கருவியால் எடுத்து முடித்து, புதுத்தளிர்கள் பென்சில் கனத்தில் எழுந்த பிறகு, மாதம் ஒருமுறை மட்டம் பிடிக்க அதற்கு இணையான கருவி இல்லை. அதன் முறை கடைசியில் வருகிறது, அவ்வளவுதான். வயர் உள்ள ட்ரிம்மரைப் பயன்படுத்துவோர், வயரைத் தோளின் மேல் போட்டு முதுகுப்பக்கம் தொங்கவிட்டு வேலை செய்ய வேண்டும். வீட்டு மின்பலகையில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஈர இலையில் இந்த வேலையே வேண்டாம்.

இரண்டாம் படி: கைக்கருவிகள்

கவாத்துக் கத்தரியில் இரு வகை உண்டு. பைபாஸ் வகையில் கூரிய அலகு, வளைந்த கீழ் அலகை உரசிக்கொண்டு கத்தரிக்கோல் போலக் கடந்து செல்லும். ஆன்வில் வகையில் ஒரே அலகு தட்டையான பரப்பின் மேல் இறங்கி நிற்கும். அரிவாள்மணையில் காய் நறுக்குவதற்கு மாறாக, பலகையில் வைத்து வெட்டுவது போன்றது அது. பச்சைக் கிளையை ஆன்வில் நசுக்கிவிடும். நசுங்கிய இடம் காய்ந்து கீழ்நோக்கிக் கருகும். உயிர்வேலிக்குப் பைபாஸ் வகையையே வாங்குங்கள். காய்ந்த சுள்ளிகள் மிகுதியாக இருந்தால் மட்டும் ஆன்வில் உதவும். உள்நாட்டுத் தயாரிப்பில் ஃபால்கன் கத்தரியை நான் பயன்படுத்துகிறேன், குறை இல்லை. செலவு செய்ய முடிந்தவர்களுக்கு ஸ்விட்சர்லாந்தின் ஃபெல்கோ 2 என்ற கத்தரி நல்லது. அதன் அலகு, சுருள்வில் முதல் திருகு வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

லாப்பர் என்பது இதே கத்தரியின் நீண்ட கைப்பிடி வடிவம். நெம்புகோல் நீளம் கூடுவதால் தடித்த கிளையும் இணங்குகிறது. 70 செ.மீ. நீளமுள்ள, பைபாஸ் அலகு கொண்ட லாப்பர் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். கைப்பிடியை இழுத்து நீட்டும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீட்டிய நிலையில் அழுத்தம் கொடுக்கும்போது பூட்டு நழுவுகிறது. கிளையை அலகின் நுனியில் பிடிக்காமல், கீல் இருக்கும் அடிவரை உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். வெட்டுப்படவில்லை என்று கைப்பிடியை முறுக்கினால் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடும். இரண்டு முறை அழுத்தியும் இறங்காத கிளையை ரம்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

ரம்பத்தைப் பொறுத்தவரை, தச்சு ரம்பத்தை எடுத்துச் சமாளிக்க முயல வேண்டாம். பச்சை மரத்தின் ஈரத் தூள் அதன் சிறு பற்களை அடைத்துக்கொள்ளும். இழுக்கும்போது மட்டும் அறுக்கும், பெரிய பற்கள் கொண்ட, சற்று வளைந்த 25 முதல் 30 செ.மீ. கவாத்து ரம்பம் தனியாகக் கிடைக்கிறது. நெருங்கிய கிளைகளுக்கு நடுவே தள்ளுவதற்கு இடம் இருக்காது, இழுப்பதற்கு இருக்கும். பற்களின் நுனி கருநீலமாக இருந்தால் அவை கடினமாக்கப்பட்டவை. அவற்றை அரத்தால் தீட்ட முடியாது, மழுங்கியதும் அலகையே மாற்ற வேண்டும். அறுக்கும்போது முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஓர் அறுப்பு. பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுப்பு. இல்லாவிட்டால் கிளை தன் எடையால் விழும்போது செம்பருத்திப் பட்டை தண்டோடு சேர்த்து ஒரு முழம் உரிந்து போகும்.

இரு கையால் பிடிக்கும் வேலிக் கத்தரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பென்சில் கனம் வரையிலான தளிருக்கு அது போதும். அலை அலையான அலகைவிட நேரான அலகை நான் விரும்புவதற்கு ஒரே காரணம், நேரானதை வீட்டிலேயே தீட்டலாம்.

மூன்றாம் படி: தீட்டுதல்

புதுக் கத்தரி பத்து நாட்களில் மழுங்கியதும், தெருவில் வந்த சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். அவர் காய்கறிக் கத்தியைத் தீட்டுவது போலவே அலகின் இருபுறமும் சாணை பிடித்துக் கொடுத்தார். கையில் தடவிப் பார்த்தால் கூர்மை அபாரம். ஆனால் மெல்லிய மருதாணிக் குச்சிகூட வெட்டுப்படாமல் இரு அலகுக்கும் நடுவே மடிந்து சிக்கியது. கத்தரி கெட்டுவிட்டது என்று எண்ணி, திருகை இறுக்கியும் தளர்த்தியும் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டேன்.

காரணம் எளியது. பைபாஸ் அலகின் ஒருபுறம் சாய்வாகவும் மறுபுறம் முற்றிலும் தட்டையாகவும் இருக்கும். அந்தத் தட்டைப்பக்கம்தான் கீழ் அலகை ஒட்டி உரசிக்கொண்டு போகிறது. அங்கே சாணை பிடித்தால் உலோகம் தேய்ந்து, இரு அலகுகளுக்கும் நடுவே காகிதக் கனத்துக்கு இடைவெளி விழுகிறது. குச்சி அதில் மடிகிறது. ஆகவே சாய்வான பக்கத்தை மட்டும், தொழிற்சாலையில் கொடுத்த அதே சாய்வில், நுண்ணிய அரத்தையோ தீட்டுக்கல்லையோ ஒரே திசையில் அலகின் அடியிலிருந்து நுனிவரை ஓட்டித் தீட்ட வேண்டும். ஐந்தாறு முறை ஓட்டினால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பியிருப்பது விரலுக்குத் தெரியும். தட்டைப்பக்கத்தைக் கல்லின் மேல் முழுமையாகப் படிய வைத்து ஒருமுறை இழுத்தால் பிசிறு நீங்கிவிடும். அந்த ஒரு இழுப்பைத் தவிரத் தட்டைப்பக்கத்துக்கு வேறெதுவும் செய்யக் கூடாது. வேலிக் கத்தரிக்கும் லாப்பருக்கும் இதே விதிதான். வேகமாகச் சுழலும் கிரைண்டரில் கொடுத்தால் அலகு சூடேறி நீலம் பாய்ந்து, உலோகத்தின் உறுதியே போய்விடும்.

என் பழைய அலகைக் காப்பாற்ற முடியவில்லை. புது அலகு வாங்கிப் பொருத்தினேன்.

வெட்டும் வரிசை

முதலில் ரம்பம், அடுத்து லாப்பர், பிறகு கத்தரி, மாதங்கள் கழித்து ட்ரிம்மர். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், மழைக்கு முன்பாக ஆவணி, புரட்டாசியில் தொடங்கினால், ஐப்பசி மழையில் தளிர் எழும். வேனிலில் கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் இத்தகைய வேலிகளில் கூடு கட்டும் என்பதால் அப்போது பெரிய வெட்டை நான் தவிர்க்கிறேன். வேலியின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். அடிக்கு வெயில் படாவிட்டால் அங்கே இலை நிற்காது.

பிறகு சேர்த்தவை

கோத்தகிரியிலிருந்து ஒருவர், தம் சைப்ரஸ் வேலியை இதே முறையில் பாதியாகக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. செம்பருத்தியும் மருதாணியும் முற்றிய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். சைப்ரஸ் இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டப்பட்டால் அந்த இடம் மீண்டும் துளிர்க்காமல் ஓட்டையாகவே நின்றுவிடும். அங்கே பச்சை இருக்கும் பகுதிக்குள் மட்டுமே வெட்ட வேண்டும்.

அரளி வேலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வெட்டுங்கள். வெட்டிய தழையை ஆடு மாடு வாய்வைக்கும் இடத்தில் போடாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், புகையும் தீங்கானது. திருகுகள்ளி வேலியானால் பால் கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி கட்டாயம்.

கிளுவை வேலிக்கு அரிவாளே போதாதா என்று பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார். போதும், முள்ளுக்குத் தள்ளி நின்று தொரட்டியால் இழுத்து அரிவாளால் வெட்டுவதே வசதி, வெட்டிய போத்துகளை இடைவெளியில் ஊன்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் வீட்டு முகப்பில் நிற்கும் செம்பருத்திக்கு அரிவாள் வேண்டாம். அரிவாள் வெட்டில் பிளந்த கட்டையில் மழைநீர் தேங்கி அழுகும்.

இடக்கைப் பழக்கமுள்ள ஒரு வாசகி, கத்தரி பிடித்தால் வெட்டும் இடமே தெரிவதில்லை என்று எழுதியிருந்தார். சாதாரணக் கத்தரி வலக்கைக்கு அமைந்தது. இடக்கையில் பிடித்தால் கீழ் அலகு வெட்டுமிடத்தை மறைக்கும். இடக்கையினருக்கென்றே அலகு மாற்றி அமைத்த கத்தரிகள் விற்பனையில் உள்ளன. வாங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.