டபுள் கெப்புக்கு ஓஃப்ரோட் டயர்: பல்லை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

பஞ்சிகாவத்தைப் பக்கம் டயர் வாங்கப் போகிறவர்கள், மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, முதலில் பார்ப்பது தரையில் படும் ட்ரெட்டைத்தான். கட்டை பெரிது, பள்ளம் ஆழம் என்றால் உடனே விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் குலுக்கலைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் பக்கச் சுவர்தான். அதில் எழுதியிருப்பதை வாசிக்கத்தான் ஆளில்லை.

அளவுக்கு முன்னால் ‘எல்டி’ என்று இருந்தால் அது பாரம் சுமக்கவென்று செய்த டயர். அதிலும் ‘ஈ’ ரகம் என்றால் 10 ப்ளை, அதாவது 10 அடுக்குத் துணிக்கு ஈடான வலு. கூரான கல் நிறைந்த மலைத்தடத்தில் அந்தத் தடிப்பு உதவும், மறுக்கவில்லை. வெள்ளவத்தையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் வண்டிக்கு அது எதற்கு? காலி வீதியின் ஒவ்வொரு மேன்ஹோல் மூடியும் முதுகெலும்பில் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு: அதே பாரத்தைச் சுமக்க எல்டி டயருக்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று தேவை. காற்றைக் கூட்டினால் இன்னும் இறுகும். பாரம் ஏற்றாதவர்களுக்கு எல்டி அல்லாத ஏடி டயர், அதாவது தார் வீதி, மண் பாதை இரண்டுக்கும் பொதுவான டயர், தாராளமாகப் போதும். அளவுக்குப் பின்னால் எழுதியிருக்கும் பார எண் மட்டும் கம்பனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது; 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ.

எம்டி டயர் சேற்றுக்கானது. நனைந்த தார் வீதியில் அதன் பிடி குறைவு, பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் போகும். அதிவேக வீதியில் அதன் இரைச்சலுக்கு மேலால் பேசவும் முடியாது. வில்பத்து மணலுக்கென்று எம்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே காற்றை 20 பீஎஸ்ஐ அளவுக்கு இறக்கி மெதுவாக ஓட்டினாலே ஏடி சமாளித்துவிடும். தார் வீதிக்கு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு சின்னக் கம்ப்ரஸர் வைத்திருங்கள்.

அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்குவது அடுத்த தவறு. 265/65 ஆர்17 என்றால் அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில் 65 வீதம், ரிம் 17 அங்குலம்; அதாவது சுவர் ஏறத்தாழ 172 மில்லிமீற்றர். 265/60 ஆர்18 என்றால் வெளி உயரம் கிட்டத்தட்ட அதேதான், சுவரோ 159 ஆகிவிடும். குழியை வாங்கிக்கொள்ளும் ரப்பரும் காற்றும் அந்தளவுக்குக் குறைவு. மறுபுறம் 265/70 ஆர்17 போட்டு வண்டியை உயர்த்தினால், மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 103 போவீர்கள்; சில வண்டிகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும்.

புது டயர் போட்ட கையோடு பெற்றோல் ஷெட்டில் 40 பீஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு வந்து, “டயர் சரியில்லை” என்கிறவர்களை என்ன சொல்ல? சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். கம்பனி டயரின் அதே ரகம், அதே அளவு என்றால் அதில் உள்ளதை டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். எல்டி என்றால் அந்த எண் பொருந்தாது. லீஃப் ஸ்பிரிங் உள்ள கெப்பின் பின்பக்கம், வெறுமையாக ஓடினால் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். அதற்கு டயர்க் கடையில் மருந்தில்லை.

மலிவாகக் கிடைக்கிறதென்றால் பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி 4 இலக்கத்தைப் பாருங்கள்: 1524 என்றால் 2024ஆம் ஆண்டின் 15ஆம் வாரம் செய்தது. வருடக்கணக்காகக் கடையில் கிடந்த ரப்பர் இறுகியிருக்கும். நான்கு டயரிலும் அந்த இலக்கத்தைப் பார்த்த பிறகே பூட்டச் சொல்லுங்கள்.