பத்தாயிரத்துக்குள் ஒரு சின்ன கேமரா

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, சட்டைப் பையில் அடங்குகிற கேமரா வேண்டும் என்று என் ஸ்டுடியோவுக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பகலில் எடுக்கவா, ராத்திரி எடுக்கவா? "நீங்க மெகாபிக்சல் கேட்பீங்கன்னு நினைச்சேன் மாமா" என்றாள் அக்கா மகள். கேட்க மாட்டேன். 10 மெகாபிக்சல் படத்தின் அகலம் சுமார் 3648 புள்ளி. இஞ்சுக்கு 300 புள்ளி வைத்துப் பிரிண்ட் போட்டால் 12 இஞ்ச் தாராளமாக வரும். வீட்டுச் சுவரில் மாட்டுகிற படத்துக்கே அது போதும்.

வெளிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். விலை குறைந்த சின்ன கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 6.2க்கு 4.6 மில்லிமீட்டர் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதற்குள் 20 மெகாபிக்சலைத் திணித்தால், பகலில் பரவாயில்லை. கல்யாண மண்டபத்தில் சாயங்கால வரவேற்பு எடுக்கும்போது முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். லென்ஸும் சேர்ந்து காலை வாரும். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் வழியே வெளிச்சம் அதிகம் வரும். சோனி டபிள்யூ800 லென்ஸ் எஃப் 3.2-இல் தொடங்குகிறது, முழு ஜூமில் 6.4 ஆகிவிடும். 2010-இல் வந்த கேனான் எஸ்95 எஃப் 2-இல் தொடங்குகிறது. ஜூம் இல்லாத நிலையிலேயே சோனியைப் போல இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே போகிறது. சென்சாரும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது. பத்து மெகாபிக்சல்தான், ஆனால் ராத்திரிக்கு என் ஓட்டு அதற்கே. 2008-இல் வந்த பானாசோனிக் எல்எக்ஸ்3 கிடைத்தாலும் விடாதீர்கள். ஜூம் கம்மி, லென்ஸ் அருமை. சோனி ஆர்எக்ஸ்100 இதையெல்லாம் விட நல்லதுதான், ஆனால் அது இந்தப் பட்ஜெட்டில் கையைக் கடிக்கும்.

டூர், பகல் நேரம், தூரத்துக் கோபுரம் என்றால் கேனான் இக்ஸஸ் 190 போதும். இக்ஸஸ் 185-உம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் 190-இல் கை நடுக்கத்தை லென்ஸே சமாளிக்கும், 185-இல் அந்த வசதி கிடையாது. ஜூம் போட்டு எடுக்கிறவருக்கு அது பெரிய வித்தியாசம். டிஜிட்டல் ஜூம் என்று போட்டிருப்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, நாமே வீட்டில் செய்துகொள்ளலாம்.

இப்போது பிள்ளைகள் 'சிசிடி (CCD) கேமரா' என்று கேட்டு வருகிறார்கள். சிசிடி என்பது பழைய வகைச் சென்சார். அவர்களுக்குப் பிடித்திருப்பது பாதிக்கு மேல் முகத்துக்கு நேராக அடிக்கிற ஃப்ளாஷ்தான் என்பது என் கட்சி. அந்த மூன்றெழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இவற்றில் பலவும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும், அதனால் கடையில் பார்க்கிற விதம் முக்கியம். நம் கார்டை நாமே கொண்டுபோக வேண்டும். ஆன் பண்ணி, ஆஃப் பண்ணி, திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். லென்ஸ் ஒரே வேகத்தில் வெளியே வர வேண்டும். நறநறவென்று சத்தம் வந்தாலோ, லென்ஸ் சற்றுச் சாய்ந்து நின்றாலோ கீழே விழுந்த கேமரா, அல்லது உள்ளே மணல் போன கேமரா. கடற்கரைக்குப் போய் வந்த கேமராவில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். லென்ஸ் மூடி பாதியில் சிக்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் போன் டார்ச்சை லென்ஸுக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நூல் நூலாக வெள்ளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில், பீரோவில் வருடக்கணக்காகக் கிடந்த கேமராவுக்கு இது சகஜம். அடுத்து, முழு ஜூமில் ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். எங்கே எடுத்தாலும் அதே இடத்தில் கறுப்புப் பொட்டு வந்தால் உள்ளே தூசி. இந்த மாதிரி கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது. பிரித்துத் துடைக்கிற கூலியில் இன்னொரு கேமராவே தேடலாம்.

பேட்டரியைத் தட்டித் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறதா? உப்பியிருக்கிறது. கடைசியாக, எழுத்துள்ள ஒரு போர்டை எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இதைக் கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, வேறு பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். அந்தச் சின்னத் திரையில் எல்லாமே அழகுதான்.

2006-க்கு முந்தைய கேமரா என்றால் கார்டில் மாட்டிக்கொள்வீர்கள். பல பழைய மாடல்கள் 2 ஜிபிக்கு மேல் எஸ்டி கார்டைப் படிக்காது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் பலவற்றுக்கு எக்ஸ்டி (xD) என்கிற வேறு வகைக் கார்டு வேண்டும், அது இப்போது தயாரிப்பிலேயே இல்லை. மாமா வீட்டில் சும்மா கிடந்தது என்று கொண்டுவருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விலை பேசும்போது பேட்டரி, சார்ஜர் இரண்டையும் சேர்த்தே பேசுங்கள். எஸ்95-க்கு என்பி-6எல் பேட்டரி. சார்ஜர் இல்லை என்று கடைக்காரர் சொன்னால் விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். யுஎஸ்பி வயரைச் செருகிச் சார்ஜ் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த வசதி எஸ்95-இல் கிடையாது.