காரணம் தெரியாத கால்விரல் வலி: வீட்டில் செய்ய வேண்டியவையும் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரமும்

எங்கும் இடித்துக்கொள்ளவில்லை, இடறி விழவுமில்லை. ஆனாலும் காலையில் எழுந்து தரையில் கால் வைத்தவுடன் ஒரு விரல் மட்டும் சுள்ளென்று வலிக்கிறது. அப்போது நம்மில் பலர் முதலில் தேடுவது தைலத்தைத்தான். தைலத்தைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்த விரலைக் கவனித்துப் பார்க்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கவனிப்பே சொல்லிவிடும்.

முதல் படி: மெட்டியைக் கழற்றுங்கள்

வலிக்கும் விரலில் மெட்டி இருந்தால், வீக்கம் ஏறுவதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும். வீங்கிய விரலில் இறுகும் வளையம் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். காலைச் சிறிது நேரம் உயர்த்தி வைத்து, சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ தடவி, மெதுவாகச் சுழற்றினால் வந்துவிடும். வராவிட்டால் இழுத்துப் போராடாமல், வெட்டி எடுக்கச் செய்யுங்கள். கழற்ற மனம் வராத பெண்கள் பலர் இருப்பதை அறிவேன். விரல் குணமானதும் மீண்டும் அணிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் அருகருகே வைத்து, நிறம், வீக்கம், நகத்தின் ஓரங்கள், விரல் இடுக்குகள், அடிப்பாதம் ஆகியவற்றைப் பாருங்கள். புறங்கையை வைத்து எந்த விரல் சூடாக இருக்கிறது, எது சில்லிட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடிகளில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். கண்களை மூடிக்கொண்டு, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை வீட்டில் ஒருவர் ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஓரிரு நொடி தொடும்போது உணர்கிறீர்களா என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டையோ அதற்கு மேலோ உணராவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். அத்தகையவர்களுக்கு வலியின் அளவை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது. நீரிழிவு உள்ள என் தந்தை, செருப்புக்குள் சிக்கிய புளியங்கொட்டையோடு ஒரு நாள் முழுவதும் நடந்திருக்கிறார். இரவில் புண்ணைப் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாம் படி: வலி எங்கே, எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள்

பெருவிரலின் அடி மூட்டு நள்ளிரவில் திடீரெனச் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே பொறுக்க முடியாமல் வலித்தால் அது கவுட் என்னும் மூட்டு வாதமாக இருக்கலாம். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டுக்குள் ஊசி போன்ற படிகங்களாகப் படிவதால் இது வருகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது செய்யும் இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் இருப்பதாகக் காட்டிவிடக்கூடும் என்பதால், வலி தணிந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரைகளும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் இந்த அமிலத்தை உயர்த்தக்கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

நகத்தின் ஓரத்தில் வலியும் சீழும் இருந்தால் நகச்சுற்று அல்லது சதைக்குள் வளர்ந்த நகம். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே கூழாங்கல்லை மிதிப்பது போன்ற எரிச்சல், நெருக்கமான ஷூவால் அழுத்தப்படும் நரம்பிலிருந்து வரலாம். திடீரென நடையையோ ஓட்டத்தையோ கூட்டியவர்களுக்கு எலும்பில் நுண்ணிய விரிசல் ஏற்படலாம். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு இரவில் விரல் வலித்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் தணிகிறது என்றால், இரத்தக் குழாய் அடைத்திருக்கக்கூடும். இதை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நாள் கடத்துவதே எனக்கு மிகவும் கவலை தரும் தவறு.

நான்காம் படி: வீட்டுப் பராமரிப்பு

காயமோ உணர்ச்சிக் குறைவோ இரத்த ஓட்டக் குறைவோ இல்லாதவர்கள் காலைத் தலையணைமேல் உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். விரல் பகுதி அகலமான செருப்பை அணியுங்கள். பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். மற்ற வலி மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் கேட்காமல் விழுங்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் சுடுநீரில் காலை வைப்பது, கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது, நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் செருகுவது ஆகிய எதையும் செய்ய வேண்டாம்.

ஐந்தாம் படி: எப்போது செல்ல வேண்டும்

விரல் கறுத்தோ நீலம் பாய்ந்தோ வெளிறியோ சில்லிட்டிருந்தால், காய்ச்சலோடு மூட்டு சிவந்திருந்தால், சிவப்பு பாதத்தை நோக்கிப் பரவினால், காலை ஊன்றவே முடியாவிட்டால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டாலும் கவுட்டைப் போலவே தோன்றும் என்பதால், முதல்முறை வரும் கடும் வீக்கத்தை நீங்களே முடிவுசெய்யக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்குச் சிறு புண்ணோ கொப்புளமோ இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாத வலி இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

செல்லும்போது, வீங்கிய நேரத்தில் எடுத்த புகைப்படத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், தினமும் அணியும் பழைய செருப்பையும் கொண்டுசெல்லுங்கள். எந்த விரலின்மேல் பாரம் கூடுதலாக விழுகிறது என்பது செருப்பு தேய்ந்திருக்கும் இடத்திலேயே தெரியும்.