செல்போன் டவர் பத்தி பேசுறப்போ நாம பண்ற தப்புங்க

எங்க தெருவுல ஒரு வீட்டு மொட்டைமாடில டவர் வைக்கப்போறாங்கன்னு தெரிஞ்சதும் ராத்திரியோட ராத்திரியா மனு ரெடியாயிடுச்சு, முதல் வரியே "கதிர்வீச்சால எங்க குழந்தைகளுக்கு கேன்சர் வரும்". நான் கையெழுத்து போடல, நெறைய பேருக்கு கோவம், அதான் எழுதுறேன்.

கதிர்வீச்சுன்னதும் எக்ஸ்ரே, அணுஉலை எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டுறோம் பாருங்க, தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. எக்ஸ்ரேக்கு டிஎன்ஏவ உடைக்கிற சக்தி இருக்கு, டவர்ல வர்ற ரேடியோ அலைக்கு அது கிடையாது, ரொம்ப அதிகமானா உடம்ப சூடாக்கும், அதுக்குத்தான் லிமிட்டே. 2012 செப்டம்பர்ல நம்ம நாட்டுல அந்த லிமிட்ட சர்வதேச அளவுல பத்துல ஒரு பங்கா குறைச்சாங்க.

"டவரால கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. 2011ல அதோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ரேடியோ அலைய 2பி, அதாவது கேன்சர் உண்டாக்கலாம்ங்கிற லிஸ்ட்ல சேத்தது நெஜம். ஆனா 2பின்னா ஆதாரம் குறைவா இருக்கு, ஒண்ணுமில்லன்னு தள்ளிவிடவும் முடியலன்னு அர்த்தம், சோத்துக்கத்தாழை முழு இலைச்சாறுகூட பின்னாடி அதே லிஸ்ட்ல வந்துச்சு. ஆதாரம் எவ்ளோ பலமா இருக்குன்னு சொல்ற லிஸ்ட் அது, ஆபத்து எவ்ளோன்னு சொல்றது இல்ல. அதுவும் 2011ல முக்கியமா பாத்தது போன காதுல வச்சு பேசுறவங்கள, டவர் பக்கத்துல குடியிருக்கிறவங்கள இல்ல.

மனு எழுதின மாமா அன்னிக்கு சாயங்காலம் ஒத்த கோடு சிக்னல்ல போன காதோட அழுத்திக்கிட்டு அரைமணி நேரம் பேசினாரு. சிக்னல் கம்மியானா போன்தான் பவர கூட்டி அனுப்பும், அது காதுக்கு ஒட்டியே இருக்கு, டவர் எங்கயோ இருக்கு. ஸ்டார், ஹாஷ், 07, ஹாஷ் அமுக்கினா நெறைய போன்ல அதோட அலைய உடம்பு எவ்ளோ உள்வாங்கும்ங்கிற அளவு வரும், போனுக்கு இங்க லிமிட் உடம்புல கிலோவுக்கு 1.6 வாட், அவரோடத அமுக்கி காட்டினேன், அமைதியா பாத்துக்கிட்டே இருந்தாரு.

அதுக்காக எதிர்க்கிறவங்க எல்லாரும் முட்டாள்னு பேசுறதும் தப்புதான், எனக்கு அது இன்னும் பெரிய தப்பா படுது. அந்த வீடு முப்பது வருஷ பழசு, மேல அவ்ளோ வெயிட் ஏத்தினா தாங்குமான்னு யார் செக் பண்ணாங்க? கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடும், பக்கத்து வீட்டு பாட்டியோட ஜன்னல் அதுக்கு நேரா இருக்கு. இதெல்லாம் மனுவுல கடைசி ரெண்டு வரி. கேன்சர்னு ஆரம்பிச்சா டவர் கம்பெனிக்காரங்க கதிர்வீச்சு அளவு லிமிட்டுக்குள்ள இருக்குன்னு ஒரு பேப்பர நீட்டி முடிச்சிடலாம், பாட்டி தூக்கத்துக்கு யாரும் பதில் சொல்லவே வேணாம். அளவுலயும் சந்தேகம்னா தரங் சஞ்சார்ங்கிற தொலைத்தொடர்புத் துறை வெப்சைட்ல பணம் கட்டி அளக்க சொல்லலாம்.

இப்போ வேற மனு எழுதி வச்சிருக்கேன், ஜெனரேட்டர்லதான் ஆரம்பிக்குது. மாமா நாளைக்கு படிச்சிட்டு சொல்றேன்னாரு.