நத்தைகளிடமிருந்து செடிகளைக் காக்க

நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும் ஈரமும் இருட்டும் வேண்டும். ஆகவே முதலில் தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றுங்கள். மாலையில் ஊற்றினால் மண் இரவு முழுக்க நனைந்திருக்கும். காலையில், செடியின் தூரில் மட்டும் ஊற்றினால் இருட்டுவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும்.

அடுத்து, கையால் பொறுக்குவது. சலிப்பான வேலைதான், ஆனால் இதைவிட நம்பகமான வழி இல்லை. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சுடன் போய் இலையின் அடிப்பக்கம், தொட்டியின் விளிம்பு, தொட்டியின் அடி எல்லாம் பாருங்கள். பிடித்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கையுறை கட்டாயம்; சில நத்தைகளில் மனித மூளையைத் தாக்கும் புழு இருக்கும். இரவில் போக முடியாவிட்டால், நனைத்த சாக்கை மாலையில் செடிகளுக்கிடையே விரியுங்கள். விடிந்ததும் அடியில் ஒதுங்கியிருக்கும். தினமும் தூக்கிப் பார்க்காவிட்டால் அந்தச் சாக்கே அவற்றுக்கு வீடாகிவிடும். மண்ணில் வெள்ளை மணிகள்போல் கொத்தாகக் கிடப்பவை முட்டைகள், அவற்றையும் நசுக்குங்கள்.

செடியைச் சுற்றிப் போடும் கோழிமுட்டை ஓடுகளை நம்பாதீர்கள், நத்தை அவற்றின்மேலேயே ஊர்ந்து போகும். உப்பு வேண்டவே வேண்டாம், மண்ணும் வேரும் கெடும்.

இவ்வளவு செய்தும் நாற்றுகள் போனால் நத்தைக்கொல்லியான இரும்பு பாஸ்பேட் குருணையை மாலையில் பரவலாகத் தூவுங்கள், குவிக்கக் கூடாது. தின்ற நத்தை மேய்வதை நிறுத்திவிட்டு மறைவில் போய்ச் சில நாட்களில் சாகும். செத்த நத்தை கண்ணில் படவில்லையே என்று மறுபடி தூவ வேண்டாம். இன்னொரு நத்தைக்கொல்லியான மெட்டால்டிஹைடு குருணை நாய், பூனைகளுக்குக் கொடிய நஞ்சு.