குளிர்காலம் முதல் கூடு கட்டும் காலம் வரை: தோட்டத்துப் பறவைகளுக்கு உதவுவது எப்படி?

உறைபனி விழுந்த காலையில் கிளையில் உட்கார்ந்திருக்கும் பட்டாணிக் குருவியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கழுத்தே தெரியாது, இறகெல்லாம் உப்பிப் பஞ்சுருண்டை மாதிரி இருக்கும். இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துத்தான் அது உடம்புச் சூட்டைக் காப்பாற்றுகிறது. 20 கிராம்கூடத் தேறாத உடம்பு, சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் ஒரே நீண்ட இரவில் எரித்திருக்கும். விடிந்ததும் அதற்குச் சாப்பாடு கிடைத்தாக வேண்டும்.

அதனால் முதல் வேலை தீனி. கருப்புச் சூரியகாந்தி விதை, உப்பில்லாத வேர்க்கடலை, உப்பில்லாத மாட்டுக்கொழுப்பு, இவை போதும். ரொட்டி வயிற்றை அடைக்குமே தவிர சத்து கிடையாது. பால் பறவைக்குச் செரிக்காது. பூஞ்சை பிடித்த கடலையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு பறவையையே கொன்றுவிடும். விடியும்போதும் பொழுது சாய்வதற்கு முன்பும் வையுங்கள். பூனை பதுங்க இடம் இல்லாதபடி, புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் நல்லது.

அடுத்து தண்ணீர். ஆழமில்லாத தட்டு, ஓரம் சரிவாக இருக்கட்டும். உறைந்துவிட்டால் பனிக்கட்டியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், உருகட்டும் என்று உப்பு மட்டும் போடாதீர்கள்.

பலரும் விட்டுவிடுவது சுத்தம். நிறையப் பறவைகள் ஒரே தட்டில் கூடும்போது எச்சம் வழியாக சால்மோனெல்லா மாதிரி நோய்கள் பரவும். வாரம் ஒருமுறை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி நிரப்புங்கள். சோர்ந்து உப்பிப்போய், ஆள் பக்கத்தில் வந்தும் பறக்காத பறவை கண்ணில் பட்டால் சில வாரங்களுக்குத் தீனியையே நிறுத்திவிடுங்கள்.

கூட்டுப் பெட்டியைக் குளிர்காலத்திலேயே மாட்டிவிடுங்கள், ராத்தங்கலுக்கும் அது உதவும். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1969-ல் ஒரே பெட்டிக்குள் ரென் என்ற சின்னஞ்சிறு குருவிகள் 61 ஒண்டியிருந்திருக்கின்றன! பட்டாணிக் குருவிக்கு வாசல் 28 மில்லிமீட்டர், சிட்டுக்குருவிக்கு 32. வாசலுக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள், முட்டையைத் திருட வருகிறவற்றுக்குத்தான் அது வசதி. உள்ளே பெயின்ட் வேண்டாம், அடியில் நீர் வடிய ஓட்டை வேண்டும், வாசலில் உச்சி வெயில் விழக் கூடாது.

இனி வசந்தம். இங்கேதான் நாம் மாற வேண்டும், ஏனென்றால் குளிரில் வளர்ந்த பறவையைக் காப்பாற்றிய அதே முழு வேர்க்கடலை குஞ்சின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கடலையைக் கம்பிவலைக் கூண்டில் போட்டால் பறவை கொத்திக் கொத்தித் துணுக்காகத்தான் எடுக்க முடியும். குஞ்சுக்கு உண்மையில் வேண்டியது இலை தின்னும் புழு. தாயும் தந்தையும் நாள் முழுக்க அதைத்தான் சுமந்து வருகின்றன. ஆகவே தயவுசெய்து பூச்சிமருந்து அடிக்காதீர்கள், இலையில் நாலு ஓட்டை விழுந்தால் விழட்டும்.

கூட்டைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள், பெற்றோர் பக்கத்திலேயே இருக்கும். பூனை நடமாட்டம் இருந்தால் மட்டும் எடுத்துப் பக்கத்துப் புதரில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் விலகிவிடுங்கள்.