பதின்வயதுப் பிள்ளைகளிடம் சாப்பாடு பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டச்சத்து ஆலோசனை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு உடனிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள், பெற்றோர்கள் வீட்டில் செய்வதும் அதுதான். காய்கறி வைக்காதது, பொரித்ததை அடிக்கடி வாங்குவது மாதிரியானவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடையைப் பேச்சில் இழுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஒரு புதிய ஆலோசகர் அறை வாசலிலேயே எடை மெஷினை வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏறச் சொல்லி, எண்ணைச் சத்தமாகப் படித்தார். 14 வயதுப் பெண் ஒருத்தி ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றினாள், அப்புறம் கைக்கடிகாரத்தை, அப்புறம் தலையில் இருந்த கிளிப்பை. அந்தக் கிளிப் எத்தனை கிராம் இருந்துவிடப் போகிறது? அன்றிலிருந்து அவள் காலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மதியச் சாப்பாட்டைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டுக் காலி டப்பாவோடு வீட்டுக்கு வருவாள், சாயங்காலம் பசி தாங்காமல் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். "நல்லாத்தான் சாப்பிடுறா, ஆனா எப்பவும் சோர்வா இருக்கா" என்று சொல்லிக்கொண்டுதான் அவளுடைய அம்மா என்னிடம் வந்தார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் எச்சரிக்கிறது: டயட், வீட்டில் எடைப் பேச்சு, கேலி இவையெல்லாம் உடல்பருமனுக்கும் வழிவிடும், உணவுக் கோளாறுக்கும் வழிவிடும். வளரும் வயது வேறு. 9 முதல் 18 வயது வரை நாளுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை, மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு இரும்புச்சத்தும் கூடுதலாக வேண்டும். ஒரு வேளையை விட்டால் அடிபடுவது இவைதான்.

திட்டுவது மட்டுமில்லை, "இளைச்சுட்டியே, அழகா இருக்கே" என்ற பாராட்டும் அதே வேலையைச் செய்யும். மருத்துவக் காரணத்துக்காக எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால் தனியாகப் பாருங்கள். ஒளித்துச் சாப்பிடுவது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது இதில் ஏதாவது தெரிந்தால் அறிவுரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம்

வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு.

பழச்சாறைக் கணக்கில் சேர்க்காதது

"கோலாவை நிறுத்திட்டோம், இப்ப ஜூஸ்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. பழச்சாறும் அதற்கு அதிகம் பின்தங்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல்படி நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இந்த வகைச் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பழச்சாற்றின் சர்க்கரை இதில் சேரும், முழுப் பழத்தில் இருப்பது சேராது.

எனர்ஜி டிரிங்கை இன்னொரு குளிர்பானமாக நினைப்பது

கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின் என்பது இந்த வயதினருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் நாளளவு. 50 கிலோ பிள்ளைக்கு அது 150 வருகிறது, ஒரு 500 மில்லி கேனிலேயே பெரும்பாலும் 160 இருக்கிறது. ராத்திரி படிக்கக் குடிப்பது, தூக்கம் தள்ளிப்போவது, காலையில் பசிக்காதது, மதியம் இன்னொரு கேன் என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எத்தனை குடிக்கிறான் என்பதோடு எப்போது குடிக்கிறான் என்றும் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பரிசாக்குவது

கூடாது. தண்டனையாக்குவதும் கூடாது.

நோயைச் சொல்லிப் பயமுறுத்துவது

நாற்பது வயதில் வரப்போகும் சர்க்கரை வியாதி 15 வயதுப் பையனை அசைக்காது. யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் அசைவான். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவு நிறுவனங்கள் விளம்பரத்தால் எப்படி வளைக்கின்றன என்று படித்த எட்டாம் வகுப்பு மாணவர்கள், வழக்கமான உடல்நலப் பாடம் படித்தவர்களைவிடச் சர்க்கரை குறைந்த தின்பண்டங்களை எடுத்தார்கள். ஒரு பாட்டிலைக் கையில் கொடுங்கள். ஒரு முறை குடிக்கும் அளவு என்று லேபிளில் எத்தனை மில்லி போட்டிருக்கிறது, பாட்டிலில் மொத்தம் எத்தனை மில்லி என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். ஏன் இப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி அவனிடமிருந்தே வரும்.